எந்த வருஷத்திலிருந்து

நெய்யாற்றின்கரை
10 ஜூன் 2025

மயினிக்கு,

"கர்த்தருக்குள் பிரியமான" என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அந்த வார்த்தை உங்களுக்கு எழுத வரவில்லை. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்தப் படிப்பு கடைசியில் அண்ணன் பெண்டாட்டியிடம் கெஞ்சவா உதவ வேண்டும்?

அண்ணன் போன மாதம் குளிமுறியில் விழுந்தார். கால் வழுக்கி விழவில்லை. அடுத்த காலை எடுத்து வைக்க மறந்தவர் மாதிரி நின்றார், அப்படியே சரிந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய்த் தலையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் ரெம்யா என்று ஒரு சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். மூளையின் ஆழத்தில் நூல் மாதிரி ரத்தக்குழாய்கள் உண்டாம். வயசாக ஆக அவற்றின் சுவர் தடித்து விறைத்துப்போகும். ரத்த அழுத்தம் இருந்தால் அது சீக்கிரமே நடக்கும். ரத்தம் சரியாகப் போய்ச் சேராத இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். அண்ணனின் படத்தில் அந்த இடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. பக்கவாதம் மாதிரி ஒரே நாளில் அடித்துப் போடுவதல்ல இது, சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் நடப்பது. நடை சுருங்கும், பேச்சு குறையும், தானாக ஒரு காரியத்தைத் தொடங்கும் மனசு போய்விடும்.

"வீட்டில் ஆரும் இது ஸ்ரத்திச்சில்லையோ டீச்சரே?" என்று கேட்டாள் டாக்டர். வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்கிறாள். வீட்டில் கூட இருந்தது யார், மயினி? நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள். விதவை. சந்தியா ஜெபத்துக்கு வருவேன், போவேன். நீங்கள் போன நவம்பரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லாற்றில் உங்கள் தங்கை ஜெஸியின் சாயாக்கடைக்குப் போனபிறகு, மூன்று வேளையும் சோறு கொண்டு போகிறவளும் நான்தான்.

இனி முடியாது. ஆகஸ்டில் என் மகள் லிபிக்கு மஸ்கட்டில் பிரசவம். ஒன்பதாம் தேதி எனக்கு விமானம். அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. அண்ணனுக்கு உங்களை விட்டால் ஆளில்லை, பிள்ளைகளும் இல்லை. அதற்குள் நீங்கள் உங்கள் புருஷனை ஏற்றுக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் பாலராமபுரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்று கேட்கிற சபையார் எல்லாருக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

சரசம்மா

*

கல்லாறு
17 ஜூன் 2025

சரசம்மா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே வாசித்தேன். பொன்முடிக்குப் போகிற பைக்குக்காரப் பையன்கள் சாயாவுக்குக் காத்து நிற்க, பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அந்தப் பாலுக்கும் சேர்த்து உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

நம்பரை அடைத்தது வேண்டுமென்றேதான். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. தாளில் உன்னால் அழ முடியாது.

குழாய் அடைத்துவிட்டது என்கிறாய். உன் அண்ணன் வாட்டர் அதாரிட்டியில் குழாய் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். நெய்யாற்றின்கரையில் பாதி வீட்டுக் குழாய் உள்ளே துருப்பிடித்துத்தான் கிடக்கிறது என்று அவரே சொல்வார். குழாய் பழசான ஆம்பிளைகள் எல்லாரும் பெண்டாட்டி பேரை ஜெபத்திலிருந்து தள்ளிவிடுகிறார்களா?

ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். உனக்கும் தெரியும். சந்தியா ஜெபத்தில் அவர் எல்லார் பேரையும் சொல்லித்தான் ஜெபிப்பார். முதலில் போதகர், பிறகு சபையில் சுகமில்லாதவர்கள், பிறகு உன் மகள் லிபி, பிறகு நீ, கடைசியில் "என் துணைவி பொன்னம்மையையும்". அதோடு ஆமென். போன வருஷம் ஜெஸிக்குக் கை முறிந்தபோது அவரிடம் கேட்காமல் இங்கே வந்து ஒரு வாரம் கடையைப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்த அன்றிலிருந்து என் பேர் வரவில்லை. உன் பேரோடு ஆமென். மறுநாளும் அப்படியே, அடுத்த மாதமும் அப்படியே. நான் தலைக்குச் சேலையைப் போட்டு முழங்காலில் நின்று, என் பேர் வருமா வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். கண்ணைத் திறந்தால் உன் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. இல்லை என்று மட்டும் எழுதாதே.

ஏன் கேட்கவில்லை என்பாய். ஜெபம் பண்ணுகிறவரைத் திருத்துவது நம் வீட்டில் உண்டா? அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவே உள்ளது. ஆண்டவரிடமே என் பேரைச் சொல்ல மாட்டேன் என்று ஒரு மனுஷன் தீர்மானித்துவிட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

போகிற அன்று வாசலில் பெட்டியோடு நின்று கேட்டேன். "நான் போறேன், கேட்டியளா. ஒரு வாக்கு சொல்லுங்க." நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாய், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஆகையால் நான் வரமாட்டேன். சபையாரிடம் நீ எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

பொன்னம்மை

*

நெய்யாற்றின்கரை
24 ஜூன் 2025

மயினிக்கு,

சிரித்தேனா இல்லையா என்பதை ஆண்டவர் அறிவார். உங்கள் பேர் வராததை நானும் கவனித்தேன். வாஸ்தவத்தில், உங்களுக்கு அது வேண்டியதுதான் என்றுதான் நினைத்தேன். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு வாரம் வெளியே தங்கிய பெண்ணுக்கு வேறென்ன கிடைக்கும் என்று நினைத்தேன். என் நினைப்பும் உங்கள் நினைப்பும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். இரண்டு பேரும் தப்பு.

நடந்தது இதுதான். ஏப்ரல் மாதம் லிபி பேரோடு நின்றார். என் பேர் வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது, உங்களிடம் மறைப்பானேன். நான் என்ன குற்றம் செய்தேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த மாதம் லிபியும் வரவில்லை. நேற்று "கர்த்தாவே" என்றார், நிறுத்திவிட்டார். நான் கண்ணை மூடியே காத்திருந்தேன். பிறகு நானே ஆமென் சொல்லி அவரைக் கைகொடுத்து எழுப்பினேன். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. நீளமான ஒன்றைத் தொடங்கி வரிசை தப்பாமல் முடிவுவரை கொண்டுபோகும் பலம்தான் முதலில் குறையுமாம். பேர் மறந்துபோவதல்ல, அது வரைக்கும் போய்ச் சேர முடியாமல் களைத்துவிடுவார்களாம். உங்கள் பேர் கடைசியில் இருந்தது. அதனால் முதலில் போனது. அவ்வளவுதான் உங்கள் பெரிய அவமானம்.

இதற்காகவா ஒரு சீக்காளியைத் தனியாக விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் ஊர்சுற்றிப் பையன்களுக்கு ஆம்லெட் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? அறுபத்தைந்து வயசில்? பார்த்துவிட்டு வந்த சபைக்காரர்கள் என்னிடம் சொல்லும்போது எனக்கு எங்கே போய் ஒளிவது என்று இருக்கிறது.

இன்னொன்று. ரத்த அழுத்தம் பத்து வருஷத்துக்கு மேல் கவனிக்காமல் விட்ட கேஸ் என்று டாக்டர் எழுதியிருக்கிறாள். சபையில் நடந்த முகாமில் அண்ணனுக்கு அழுத்தம் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்களே, அந்த மாத்திரை எங்கே போனது? தினமும் கருவாடு வறுத்துக் கொடுத்தது யார்? அந்த மூளையில் விழுந்திருக்கிற ஒவ்வொரு வெள்ளையிலும் உங்கள் அடுப்படிக்குப் பங்கு உண்டு.

சரசம்மா

*

கல்லாறு
2 ஜூலை 2025

சரசம்மா,

கருவாடு கொடுத்தேன். உண்மைதான். இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் உன் வீட்டில் கருவாடு தின்பார். அதை எழுதவில்லையே நீ?

மாத்திரை எங்கே போனது என்று கேட்கிறாய். கேள். ஒவ்வொரு நாளும் காலையில் கட்டன்காப்பியோடு சாஸரில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் விழுங்கினார். பிறகு உன் வீட்டில் ஒரு நாள் பேச்சு வந்தது. "மாத்திரை தொடங்கினா சாவுற வரைக்கும் விடமுடியாது அண்ணா. முருங்கையிலைச் சாறு போதும். பெரிய பெரிய படிச்சவங்க எல்லாம் அதத்தான் குடிக்காங்க" என்று சொன்னது யார்? நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். நீ டீச்சர். பத்தாம் கிளாஸ்காரி பேச்சு எடுபடுமா? மறுநாள் சாஸரில் வைத்த மாத்திரை சாஸரிலேயே இருந்தது. அதன்பிறகு ரெண்டு வருஷம் தினமும் முருங்கையிலை உருவியவள் நான். அந்த வெள்ளையில் என் அடுப்படிக்குப் பங்கு என்றால் உன் வாய்க்கு என்ன பங்கு?

ஜெபத்து விஷயம். நீ எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இருக்கலாம். களைத்துத்தான் நிறுத்தியிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நான் ஏன் கடைசியில் இருந்தேன்? கல்யாணம் ஆன முதல் நாள் ஜெபத்திலேயே நான் கடைசியில்தான். அப்போது அவருக்கு வயசு முப்பத்திமூன்று. அந்தத் தலையில் எந்தக் குழாய் விறைத்திருந்தது? அந்த வரிசையைப் போட்டது சீக்கு இல்லை, உன் அண்ணன் ராஜையன்.

இன்னும் சொல்கிறேன். இந்தக் கல்லாற்றில் என் அம்மை சாகும்வரை ஆற்றில் இறங்கித்தான் தண்ணீர் எடுத்தாள். மேலே மலையில் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஹோஸை இழுத்துவிட ஒரு நாள் வேலை. ஊரில் எல்லாருக்கும் குழாய் போட்டவர். உன் வீட்டு அடுக்களைக்கு ஒன்று, துணி துவைக்கிற கல்லுக்கு ஒன்று என்று இரண்டு இழுத்துக் கொடுத்தவர். என் அம்மைக்கு மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம். பாறையில் வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்து மூன்று மாதம் கிடந்து செத்தாள். தொண்ணூற்றேழில். அதுவும் ரத்தக்குழாயா?

நீ படித்தவள். உன் டாக்டரும் படித்தவள். போய்க் கேட்டு எனக்கு எழுது. இந்தக் கேடு அவருக்கு எந்த வருஷத்திலிருந்து? எனக்கு வருஷம் வேண்டும். அதற்குப் பிறகு அவர் செய்ததை எல்லாம் சீக்கின் கணக்கில் எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் செய்தது அவர் செய்தது. அதற்கு நான் ஏன் போய் மூத்திரம் துடைக்க வேண்டும்?

பொன்னம்மை

*

நெய்யாற்றின்கரை
11 ஜூலை 2025

மயினிக்கு,

உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு போய்ப் படித்த ஒரு டாக்டர் முன்னால் உட்காருவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "எந்த வருஷத்திலிருந்து என்று மயினி கேட்கிறாள்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

வருஷம் சொல்ல முடியாதாம். அதில் தேதி குத்தியிருக்காது என்றாள். சில தழும்புகள் பழசு, சில புதுசு. பத்து வருஷம் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம், ஆனால் முப்பது வயசில் இருந்திருக்காது. இடையில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் மனுஷன், அந்தப் பக்கம் சீக்கு என்று யாராலும் பிரித்துத் தர முடியாது என்றாள். அவளுக்கும் ஒரு அப்பா இருக்கிறார் போலிருக்கிறது. சொல்லும்போது குரல் மாறியது.

பிறகு சொன்னாள்: "அம்மாவன்றெ உள்ளில் எல்லாம் உண்டு. வேகமாணு போயது. ஸமயம் கொடுக்கணும், கேட்டோ." அண்ணனுக்கு உள்ளே எல்லாம் இருக்கிறது, வேகம்தான் போயிற்று, நாம்தான் நேரம் கொடுக்க வேண்டும் என்கிறாள். அழுத்தத்துக்கு இப்போது மாத்திரை ஒழுங்காகப் போகிறது. கெட்டுப்போனதைத் திருப்ப முடியாது, இனி கெடுவதை மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

முருங்கையிலையைப் பற்றி டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மைக்கு ஹோஸ் போடாததைப் பற்றி எனக்குத் தெரியாது. நீங்கள் எந்தக் காலத்திலும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அண்ணனிடம் சொல்லியிருப்பேன், என் பேச்சை அவர் கேட்பார்.

இல்லத்தில் ஏழாம் தேதிக்கு ஒரு கட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் ஒரே முறியில். நீங்கள் தூரத்தில் இருந்துகொண்டு தீர்ப்பு எழுதுகிறீர்கள். ஒரு தடவை வந்து கண்ணால் பாருங்கள். பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால் நான் பிறகு எழுதமாட்டேன். இருபதாம் தேதி ஞாயிறு காலை ஆராதனைக்குப் போவேன், அப்போது வாருங்கள். என் முகத்தில் விழிக்கவேண்டி வராது. எனக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசை கொஞ்சமும் இல்லை.

சரசம்மா

*

கல்லாறு
21 ஜூலை 2025

சரசம்மா,

வந்தேன். பார்த்தேன். நீ ஆராதனை முடியுமுன்னே எழுந்து வந்துவிட்டாய், பேச்சு மாறுவது உனக்குப் புதிதா என்ன?

கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தாய். சாவி பழைய இடத்தில் இருந்ததால் பிழைத்தேன். அவர் மேசை முன்னால் இருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் பழைய ஆத்திரம் அப்படியே திரும்பி வந்தது. ஒன்பது மாதம் கழித்து வந்திருக்கிறேன், ஒரு புருவம்கூட ஏறவில்லையே என்று.

"தின்னியளா?" என்று கேட்டேன். பேச்சில்லை. சரி, பழைய ராஜையன்தான் என்று நினைத்துக்கொண்டு மேசையில் கிடந்த எச்சில் தட்டைக் கழுவி வைத்தேன். திரும்பி வந்து, "என்னைத் தெரியுதா?" என்றேன். "புட்டு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்துப் புட்டு என்கிறாரே, புத்தி முழுக்கப் போய்விட்டது என்று நினைத்தேன். "யாரு தந்தா?" என்றேன். "பொன்னம்மை" என்றார். நான் எங்கே தந்தேன், ஒன்பது மாதமாக நான் இந்த வீட்டில் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, சரசம்மா. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ மீன்காரன் கூவிக்கொண்டு போனான், அவன் சத்தம் தேய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு சொன்னார், "சரசு".

தின்னியளா என்று கேட்டதற்குப் பதில் புட்டு. என்னைத் தெரியுதா என்றதற்குப் பதில் பொன்னம்மை. யார் தந்தது என்றதற்கு நீ. எல்லாக் கேள்விக்கும் சரியான பதில்தான். நான்தான் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நீ உள்ளே வந்தாய். வந்தவுடன் "அண்ணா பசிக்குதா? ஆமா பசிக்கும். வெயிலா இருக்கா? ஃபேன் போடட்டா? போடுதேன்" என்று நீயே கேட்டு நீயே சொல்லிக்கொண்டு போனாய். அவர் வாய் பாதி திறந்தது, மூடிக்கொண்டது. உன் வீட்டுச் சோறு நல்ல சோறுதான், ஆனால் அந்த மனுஷன் உன்னிடம் ஒரு வார்த்தை பேச இடமில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பாடம் எடுத்தாயா?

இரக்கப்பட்டு எழுதவில்லை. திரும்பி வரும் வழியில் நெடுமங்காடு தாண்டும்போது எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. நவம்பரில் வாசலில் நின்று ஒரு வாக்கு சொல்லுங்க என்று கேட்டேன் இல்லையா? ஆட்டோ ஹாரன் அடித்ததும் ஏறிவிட்டேன். நான் போனபிறகு அவர் என்ன சொன்னார்?

நீ பக்கத்தில் இருந்தாய். பயறு உரித்துக்கொண்டிருந்தாய். உன் காது நல்ல காது. எதுவும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார் என்று எனக்கு இப்போது தெரியும். வேதபுத்தகத்தின்மேல் கையை வைத்து, உள்ளதை உள்ளபடி எழுது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஆமாம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

பொன்னம்மை

*

நெய்யாற்றின்கரை
26 ஜூலை 2025

மயினிக்கு,

லிபியிடம் போனில் சொன்னேன். "அம்மா, 'போவாத பொன்னம்மை'ன்னு மாமா கூப்பிட்டாருன்னு எழுதிடு. அத்தை ஓடி வந்திருவா. பிரச்னை தீர்ந்துபோகும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள். எழுதவும் உட்கார்ந்தேன். நல்லபடியாகத்தான் வந்தது. அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்தது என்றுகூடச் சேர்த்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். உங்கள்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. அண்ணன் சொல்லாததை அண்ணன் வாயில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் சொல்வதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன் என்று நீங்கள் எழுதியது வேறு நடுவில் வந்து நின்றது.

உள்ளதைச் சொல்கிறேன். ஆட்டோ முக்கு திரும்பிப் போயிற்று. நான் பயறு முழுவதையும் உரித்து முடித்து முறத்தைத் தட்டினேன். அப்போதுதான் பேசினார். "கதவ அடை" என்றார்.

நான் எழுந்து கதவை அடைத்தேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அன்று முழுவதும்.

அது நீங்கள் கேட்டதற்குப் பதிலா, வெயில் முகத்தில் அடித்ததால் என்னிடம் சொன்னதா, எனக்குத் தெரியாது. அன்று எனக்கு அது ரொம்பச் சரியான பேச்சாகப் பட்டது. போனவள் போகட்டும், கதவை அடை என்றுதான் புரிந்துகொண்டேன். சந்தோஷமாகவே அடைத்தேன். நீங்கள் உள்ளதை உள்ளபடி கேட்டதால் அதையும் எழுதுகிறேன்.

இதைப் படித்தபிறகு நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இல்லத்துக்குச் சொல்லிவிட்டேன். அண்ணனுடைய துணிகளில் பேர் தைத்துக்கொண்டிருக்கிறேன். எட்டுப் பேர் துணியும் ஒன்றாகத் துவைப்பார்களாம், மாறிப்போகாமல் இருக்கத் தைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். தையல் நேராக வரவில்லை. அவரை நான் விட்டுப்போவது எனக்கு எளிது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சரசம்மா

*

கல்லாறு
31 ஜூலை 2025

சரசம்மா,

தையலை நிறுத்து. புதன்கிழமை அவரை இங்கே கூட்டி வா.

லிபி சொன்னபடி எழுதியிருந்தால் நீ செத்தாய். "போவாத பொன்னம்மை" என்று அவர் சொன்னதாக எழுதி, கண்ணீரும் வைத்து அனுப்பியிருந்தால், அதை அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த சாயாவுக்குத் தண்ணீர் வைத்திருப்பேன். அவர் எந்தக் காலத்திலும் அப்படிப் பேசியதில்லை. குழாய் எல்லாம் புதுசாக இருந்தபோதும் பேசியதில்லை. கதவ அடை என்றால் அது அவரேதான். பெண்டாட்டி பெட்டியோடு ஆட்டோவில் போகிறாள், இந்த மனுஷனுக்குக் கதவு திறந்து கிடப்பதுதான் கவலை. வாசித்துவிட்டு ஜெஸியின் முன்னால் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். திட்டித் திட்டி அழுதேன். ஜெஸி பயந்துபோய்க் கடையைச் சாத்தினாள்.

அழுதபிறகு எனக்கு ஒன்று தெளிந்தது. மெதுவாகிப்போன யாரோ ஒரு கிழவனை நீ என் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். நான் சண்டைபோட்ட ஆள் போய்விட்டார், அவருடைய உடம்பை மட்டும் எனக்குத் தருகிறார்கள், அதைக் கழுவித் துடைக்க நான் என்ன வேலைக்காரியா என்று. அப்படி இல்லை. அதே ஆள்தான் இருக்கிறார், அதே வாய்தான். அந்த ஆளை எட்டுப் பேர் கிடக்கிற முறியில் விட எனக்கு மனசில்லை. அவர் என் ஆள், நான் திட்டுவதற்கு உள்ளவர். வேறு யாரும் அவரைப் பார்த்து அலுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று சபையில் போய்ச் சொல்லாதே. அவரையும் மன்னிக்கவில்லை, உன்னையும் மன்னிக்கவில்லை. சந்தோஷமாகக் கதவை அடைத்தேன் என்று எழுதினாயே, அது நான் இருக்கிறவரை இருக்கும்.

மாத்திரைகளைக் காலைக்கு, ராத்திரிக்கு என்று தனித்தனியாகக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் எழுது. ஸ்கேன் படத்தைக் கொண்டு வராதே, அந்த வெள்ளையைப் பார்த்து நான் என்ன செய்ய? கார் கடை வாசல்வரை வரும். சாயா தருவேன், குடித்துவிட்டு உடனே கிளம்பு. அவரிடம் விடைபெறும்போது மட்டும் நீ கேட்டு நீயே பதில் சொல்லாமல், கொஞ்சம் நின்று போ. மஸ்கட்டில் பிள்ளை பிறந்தால் எழுது. போனை அடைத்தது அடைத்ததுதான்.

உன் டாக்டரால் வருஷம் சொல்ல முடியவில்லை, போகட்டும். நான் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் நான் ஒன்று கேட்டால் பேச்சே இருக்காது. ஆணியில் கிடக்கிற சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு முக்குக்குப் போய்விடுவார். நான் கேட்ட கேள்வியோடு அடுக்களையில் நிற்பேன். முப்பத்தெட்டு வருஷமாக அப்படி நின்ற கேள்விகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இங்கே கடைக்குப் பின்னால் முறி, முன்னால் ஆறு, மேலே மலை. ஒரு நாளைக்கு ஒன்று கேட்பேன். கேட்டுவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். பதில் சாயங்காலம் வரட்டும், மறுநாள் வரட்டும், வராமலே போகட்டும். எழுந்து மட்டும் போகமாட்டார்.

பொன்னம்மை